செம்மணிவயல் பபூன் முத்தரசுக்குப் பரிவட்டம் கட்ட மறுப்பது குறித்து

அனுப்புநர்:
மு. ஏகப்பன் (வயது 63),
முன்னாள் துணைத் தலைவர், பால் கூட்டுறவுச் சங்கம் (நான்கு மாதம்),
கிழக்குத் தெரு, செம்மணிவயல்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
காரைக்குடி.

பொருள்: செம்மணிவயல் காளியம்மன் கோவில் வைகாசித் திருவிழா – இவ்வருட முறைக்காரரான என் தங்கை மகன் முத்தரசு நாடகக் கலைஞர் என்ற ஒரே காரணத்தால் பரிவட்டம் மறுக்கப்படுவது – நாடகக் கலைஞர்களுக்குப் பொதுப் பந்தியில் இலை போட மறுப்பது – அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டி ஆவன செய்ய வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இந்த விவகாரம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று பதினாறு வருடத்துக்கு முன்னாலேயே சொன்னவன் நான். 2009-ல் முத்தரசு ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு நாடகத்தில் பபூன் வேஷம் கட்டப் போனபோது, ஊரே அவன் ஆத்தாளை, அதாவது என் தங்கை பாண்டீஸ்வரியை, துக்கம் விசாரிக்க வந்தது. நான் ஒருவன்தான் "அழுகாத ஆத்தா, இவன் பெரிய ஆளா வருவான், வந்த பெறகு இதே சனம் வயிறெரியும்" என்று சொன்னேன். தேதி நினைவில்லை. கிழமை செவ்வாய். நான் சொன்ன இரண்டும் அப்படியே பலித்துவிட்டபடியால், மூன்றாவதாக எதுவும் நடப்பதற்கு முன் தங்கள் சமூகத்துக்கு இதைக் கொண்டுவருகிறேன்.

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஒன்பதாவதில் வாத்தியாருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. ஆனாலும் இந்த வட்டத்தில் இதுவரை பணியாற்றிய வட்டாட்சியர்கள் பதினொரு பேருக்கு மனு எழுதியிருக்கிறேன். அதில் மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் நேரில் கூப்பிட்டு, இனி எழுத வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார். அவ்வளவு பழக்கம்.

2. எங்கள் ஊரில் நாலு கரை. கரை என்றால் ஒரே பங்காளி வகையறா. திருவிழாக் கடைசி நாளன்று, வருடத்துக்கு ஒரு கரை, அதில் ஒரு வீடு என்று முறை வைத்து, அந்த வீட்டுத் தலைக்கட்டுக்குப் பூசாரி சாமி சன்னதியில் பட்டுத் துணியைத் தலையில் கட்டுவார். இதுதான் பரிவட்டம். கட்டிக்கொண்டவர் அன்று மாலை நாடக மேடையில் ஏறிக் கலைஞர்களுக்கு ஆளுக்கொரு துண்டு போட்டு மரியாதை செய்வார். பிறகு கோவில் மண்டபத்தில் பந்தி. கரைகாரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் மண்டபத்தில் இலை. கலைஞர்களுக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பொட்டலம். இடநெருக்கடி என்பது வெளியே சொல்லும் காரணம். நாடகக் குழு என்றால் பல ஊர் ஆள், பல சாதி ஆள். அதுதான் உள்ளே உள்ள காரணம். இதை எழுதக்கூடாது என்று எனக்கு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

3. முத்தரசு ஆரம்பத்தில் பட்டது கொஞ்சமில்லை. விடியற்காலை காரைக்குடியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கட்டணக் கழிப்பறையில் தேங்காய் எண்ணெய் போட்டு மூன்று தடவை முகம் கழுவி, காதோரத்தில் ரோஸ் பவுடர் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் வருவான். அவனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் மூன்று வீட்டில் காபியைக்கூட முடிக்கவிடவில்லை. அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் அவன் மதுரையில் டைல்ஸ் கடை மேனேஜர் என்று நான் சொல்லிவந்தேன். மேனேஜர் என்பது என் ஏற்பாடு. நாலாவது வீட்டில், இப்போது அவன் மனைவியாக இருக்கும் ரேணுகா, அது நர்ஸ், நேராக முகத்தைப் பார்த்து, "மேனேஜர்னு சொன்னாக, ஆனா ஒங்க காமெடிய நான் செல்லுல பாத்திருக்கேனே" என்றது. அந்த ஒரு வீட்டில்தான் எங்களுக்கு இரண்டாவது காபி கிடைத்தது.

4. செல்போன் வந்த பிறகு காலம் திரும்பிவிட்டது அய்யா. சிங்கம்புணரியில் அவன் நாடகம் என்றால் பத்தாயிரம் பேர். பத்தாயிரம் என்றால் தாங்கள் நம்பமாட்டீர்கள், ஆறாயிரம் என்று வைத்துக்கொள்ளவும். கொத்தமங்கலத்தில் பெரிய வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறவர்கள் வெள்ளைக்காரர்களுக்கு நாற்பது நிமிடம் செய்துகாட்டக் கூப்பிடுகிறார்கள். ஒரு வார்த்தை புரியாமல் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன். முன்பு "கூத்தாடிப் பய" என்றே இவனைக் குறிப்பிட்டுவந்த விழாக் கமிட்டிச் செயலாளர் திரு. அய்யப்பன், போன தை மாதம் தன் பேத்தி காதணி விழா பிளக்ஸில் குழந்தையின் படத்தைவிடப் பெரிதாக முத்தரசு படத்தைப் போட்டார். முத்தரசும் மாறிவிட்டான். காரின் பின்கண்ணாடியில் பெயர் எழுதியிருக்கிறான். யாராவது "பபூன்" என்றால் "நகைச்சுவைக் கலைஞர்னு சொல்லுங்க" என்று திருத்துகிறான். ஆனால் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் இன்றைக்கும் வாசலில் ஒரு நிமிடம் நின்று, யாராவது கையைப் பிடித்து உட்காரவைக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான். இதை அவனே அறியமாட்டான். நான் கவனித்திருக்கிறேன்.

5. இந்த வருடம் இரண்டாம் கரையில் முறை முத்தரசு வீட்டுக்கு வருகிறது. அவன் அப்பா இல்லை, ஆகவே அவன்தான் தலைக்கட்டு. அதே நாளில் நாடகமும் அவனுடையதே. வெற்றிலை பாக்கு வைத்து ஒப்பந்தம் செய்தது இதே கமிட்டிதான். முறை வருவதைப் பார்க்காமல் ஒப்பந்தம் போட்டார்களா, பார்த்தே போட்டார்களா என்பது விசாரணைக்குரியது.

6. கடந்த 04.05.2025 ஞாயிறு அன்று மண்டபத்தில் கூட்டம். திரு. அய்யப்பன் எழுந்து, "ஏம்ப்பா முத்தரசு, துண்டு போடுறவரும் நீ, வாங்குறவரும் நீயின்னா, வலது கையில குடுத்து எடது கையில வாங்கிக்கிருவியா?" என்றார். முத்தரசு எழுந்து, "வாங்கிக்கிறேன் சித்தப்பா. கும்புடத்தான் மூணாவது கை வேணும். அதுக்குக் கமிட்டியில ஒரு தீர்மானம் போட்டுக் குடுங்க" என்றான். கூட்டம் சிரித்தது. அய்யப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தீர்மானமும் எழுதினார்: கூலி வாங்கி ஆடுகிறவருக்குப் பரிவட்டம் கட்டும் வழக்கம் இல்லை, முத்தரசு வேஷத்தை விடவேண்டும், அல்லது முறையை அடுத்த வீட்டு வேல்பாண்டிக்கு விடவேண்டும். வேல்பாண்டி அன்றைக்குப் புதுச் சட்டையில் வந்திருந்தார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

முத்தரசு, பரிவட்டம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், மேடையேறித் துண்டு போடும் மரியாதையும் வேண்டாம், ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள் என்றான். தன் குழுவினருக்கு மண்டபத்தில் இலை போடச் சொன்னான். அவனோடு பதினாறு வருடமாக ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், போடும் முத்தழகு அம்மாள், இந்த ஊருக்கு மட்டும் பதினான்கு தடவை வந்தவர், இந்த ஊர் மண்டபத்தின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. "அப்ப நான் எந்தப் பந்தியில உக்காரணும்? என் ஆளுகள வெளிய விட்டுட்டு உள்ள திங்கவா, என் பங்காளிகள உள்ள விட்டுட்டு வெளிய திங்கவா? அதையாச்சும் தீர்மானத்துல எழுதுங்க" என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுதவும் இல்லை. "வழக்கத்த மாத்த நம்ம யாரு? நடந்திருந்தா ஒரு தடவையாச்சும் காட்டு பாப்பம்" என்றார் அய்யப்பன்.

7. அப்போது நான் எழுந்தேன். 1974 வைகாசியில் எங்கள் கரையைச் சேர்ந்த ராஜபார்ட் முத்துக்கருப்பன் அவர்களுக்கு, அவர் நாடகத்தில் நடிக்க வந்த அதே நாளில், இதே சன்னதியில் பரிவட்டம் கட்டப்பட்டது. கையைப் பிடித்து அழைத்துப்போனவர் என் தகப்பனார். பச்சைக் கரை போட்ட பட்டு. நல்ல மழை. ராஜபார்ட் கண்ணில் வழிந்தது மழையா மற்றதா என்று தெரியவில்லை. பிறகு அவர் மண்டபத்தில் முதல் இலையில் உட்கார்ந்தார், அவரது குழு முழுக்க அதே வரிசையில் உட்கார்ந்தது, என் தகப்பனாரே சோறு போட்டார். கூட்டத்தில் இதை இப்படியே சொன்னேன். 1974-ஐப் பார்த்த பெரியவர்கள் பெரும்பாலும் போய்விட்டபடியால் எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

8. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் முத்தரசு என்னைத் தனியே கூப்பிட்டு, "நெசமா மாமா?" என்றான். "நெசம்டா" என்றேன். மேடைக்கு வெளியேயும் நாலு வார்த்தைக்கு ஒரு நையாண்டி இல்லாமல் பேசத் தெரியாதவன், அன்றைக்கு நேராகவே பேசினான். "அப்படின்னா எனக்குப் பரிவட்டம் வேணும். எவனோ பாவம் பாத்து விட்டுக்குடுக்கிறதுன்னு நெனச்சேன். எனக்கு முந்தியே ஒருத்தர் கட்டியிருக்காரே" என்று சொல்லிப் போனான். அதுவரை எதையும் கேட்காதவன் கேட்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். என் தங்கை பாண்டீஸ்வரி அன்றே பட்டு வேட்டி வாங்கிவிட்டாள். முத்தரசு இதை ஒரு யூடியூப் பேட்டியிலும் சொல்லிவிட்டான். தொண்ணூறாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, போனிலேயே எண்ணிக்கை காட்டுகிறது.

9. இதன்மேல் கமிட்டியார், 20.05.2025 காப்புக் கட்டுக்குள் 1974-க்கு அத்தாட்சி காட்டாவிட்டால் பரிவட்டம் வேல்பாண்டிக்கே என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். முத்தரசு ஒப்பந்தத்தின் வெற்றிலை பாக்கைத் திருப்பிக்கொடுத்துவிட்டான். பரிவட்டமும் இலையும் இல்லாவிட்டால் இந்த ஊரில் இனி ஆடமாட்டான், அத்தோடு வரமாட்டான். வீட்டைப் பூட்டி ஆத்தாளை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அவன் சொன்னால் செய்கிறவன். முத்தழகு அம்மாள் அவனுக்குப் போன் பண்ணி, "தம்பி, நீ உள்ள போய்ச் சாப்பிடு, எங்களுக்குப் பொட்டலம் பழகிருச்சு" என்றதற்கு, நான்தான் அப்படிச் சொல்லவைத்தேன் என்று நினைத்து, மாமன் என்றும் பாராமல் என்மேல் கோபப்பட்டுவிட்டான். எனக்கு ஐந்து நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடைக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன்.

ஆகவே அய்யா அவர்கள் 20.05.2025-க்கு முன் இரு தரப்பையும் அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தி, முறைப்படி முத்தரசுக்குப் பரிவட்டம் கட்டவும், திருவிழாக் கடைசி நாளான 28.05.2025 அன்று நாடகக் கலைஞர்கள் அனைவருக்கும் மண்டபத்தில் மற்றவர்களோடு ஒரே பந்தியில் இலை போடவும், அதைக் கண்காணிக்க ஒரு வருவாய் ஆய்வாளரை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கும் அங்கேயே சாப்பாடு.

இதோடு முடித்திருப்பேன். இந்த மனுவைத் தட்டச்சு செய்யும் சௌபர்ணிகா என்ற பெண், கடைசியில் "மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று போட்டால்தான் மனு நிற்கும் என்கிறது. பதினொரு வட்டாட்சியருக்கு எழுதியபோதும் இப்படி ஒரு வரி யாரும் கேட்கவில்லை. போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை.

அய்யா, ஏழாவது பத்தி நான் கட்டியது. 1974-ல் ராஜபார்ட் முத்துக்கருப்பன் வந்தது உண்மை, எங்கள் கரைக்காரர் என்பது உண்மை, மழை உண்மை. பரிவட்டம் இல்லை. மேடையில் கிரீடம் வைத்திருந்தவர், சொந்த ஊரில், சொந்தப் பங்காளிகள் மண்டபத்துக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தூவானம் அடிக்கிற பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டு, இலையை அவரே எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். என் தகப்பனார் சொம்பைக் கொடுக்காதே, கையில் ஊற்று என்றார். ஊற்றினேன்.

அந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று சௌபர்ணிகா கேட்டது. வேண்டாம் என்றேன். ஊர் முழுக்க அதைத்தான் பேசுகிறது, மனுவில் மட்டும் இல்லாவிட்டால் விசாரணையில் சந்தேகம் வரும். முத்தரசுவிடம் நானே சொல்லவேண்டும். மூன்று நாளாக அவன் வீட்டு வாசல் வரை போய், பட்டு வேட்டியைக் கொடியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த மனுவுக்குத் தாங்கள் எண் போட்டு ரசீது கொடுத்ததும், அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றே போய்ச் சொல்லிவிடுவேன். வழக்கம் ஒரு தடவையாவது இருந்திருக்கிறதா என்று கமிட்டியார் கேட்பது நியாயமான கேள்வி. இல்லை. இந்த வருடம் ஒரு தடவை நடந்துவிட்டால், இனிமேல் இந்த ஊரில் எவனும் இதற்காக என்னைப் போலப் பொய் சொல்லவேண்டியிருக்காது.

இடம்: காரைக்குடி
நாள்: 12.05.2025, திங்கட்கிழமை

இப்படிக்கு,
ஏழாவது பத்தி நீங்கலாகத் தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மு. ஏகப்பன்