மிதிப்பதற்கு முன் ஒரு குரல்

மச்சான்,

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய இரும்பு பரப்பியிருந்த தார்ப்பாயின் மேல் தகடு வெட்டும் பிரஸ் மெஷினின் பெடல் ஒன்று கிடந்தது. நடுவில் மட்டும் தேய்ந்து பளபளத்தது. நீ மிதித்த பெடல் இல்லை, தெரியும். ஆனாலும் என் வலது கையில் இல்லாத மூன்று விரலும் சுருக்கென்று மடங்கின. "இன்னா பெருசு, வேணுமா?" என்றான் கடைக்காரன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். எனக்குத்தான் எழுதப் படிக்க வராதே. மருமகளை உட்காரவைத்துச் சொல்கிறேன், எழுதுகிறாள். இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருக்கிறாள். கெட்ட வார்த்தை வந்தால் புள்ளி வைத்துவிடுவாளாம்.

திருமுடிவாக்கம் ஷெட்டில் நான் தகட்டை அச்சில் வைப்பேன், நீ பெடலை மிதிப்பாய். கையை எடுத்ததும் நான் "போடு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராமல் கால் இறங்கக் கூடாது. முதல் வருஷம் அப்படித்தான் செய்தோம். பழகப் பழகக் குரல் நின்றுபோனது. என் மூச்சே உனக்குப் போதும் என்று நம் இருவருக்கும் பெருமை. "புருஷன் பொண்டாட்டி மாதிரி வேல செய்றானுங்கோ" என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு தும்மல் வந்தது. கை ஒரு நொடி உள்ளே தங்கிவிட்டது. உன் கால் தங்கவில்லை.

பெரிய சத்தம் இல்லை. வெண்டைக்காய் நறுக்குகிற சத்தம்தான். என் கல்யாண மோதிரம் தகட்டோடு தகடாகக் கிடந்ததை முதலில் பார்த்தவன் நீ. பார்த்து வாந்தி எடுத்தாய்.

ஆறுதலுக்குக் குறைவில்லை. "உசுரு தப்பிச்சுதே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்றாள் என் பெண்டாட்டி எஸ்தர். "ரெண்டு விரல் கீதுல்ல மாமா, டீ கிளாஸ் புடிக்கலாம்" என்றான் அவள் தம்பி. சோறு வந்தது, மாத்திரை வந்தது, ஜெபக்கூட்டம் வீடு தேடி வந்தது. நீ வரவில்லை. வயிறு நிறைந்திருந்தும் உள்ளே ஒரு மிருகம் பசியில் ஊளையிட்டது. அது டிவியை உடைத்தது. குழம்புச் சட்டியைச் சுவரில் அடித்தது. "உப்பு போதுமா?" என்று கேட்ட எஸ்தரின் முகத்தில், கட்டுப் போட்ட கையாலேயே அறைந்தது.

மிருகம் என்று சொன்னது பொய், மச்சான். நான்தான் அடித்தேன். அவள் மூக்கு ரத்தமும் என் கைக்கட்டிலிருந்து கசிந்த ரத்தமும் ஒரே தரையில் விழுந்தன. பையன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கூட்டிக்கொண்டு பீர்க்கன்கரணையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "உன் வெரலு போனதுக்கு நான் அழுதேன். நீயே போயிட்டியே, அதுக்கு யாரு அழுவுறது? ஆளா திரும்பினா சொல்லி அனுப்பு."

எல்லாவற்றுக்கும் காரணம் நீ என்று முடிவு கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை, சட்டைக்குள் ஒரு கம்பியோடு, நீ வழக்கமாக வரும் சந்தைக்கு வந்தேன். இடது கையால் வீசிப் பழகியிருந்தேன். பழைய செருப்புக் கடை முன்னால் உன் தோளில் இறக்கினேன். எலும்பு முறிந்தது அந்த இரைச்சலிலும் கேட்டது. குப்புற விழுந்து உதடு கிழிந்தது உனக்கு. அடுத்த அடியை மண்டைக்கு ஓங்கினேன். நீ கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"அட்சிடு மச்சான். ஆனா ஒரு வார்த்த திட்டிட்டு அடி. ஒருத்தன்கூட என்ன திட்டலடா. மெஷின் கோளாறுன்றான், விதின்றான். நான்தான்டா மிதிச்சேன். கண்ண மூடுனா உன் மோதரந்தான் தெரியுது."

கம்பி மேலேயே நின்றது. அப்போதுதான் பார்த்தேன், நீ பாதி ஆளாக இளைத்திருந்தாய்.

ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டாய்: "ரொம்ப வலிச்சுதா?"

அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. வலி தீர வழி சொன்னார்கள், அவ்வளவுதான். கம்பியைப் போட்டுவிட்டு உன்னைத் திட்டினேன். உன் காலில் ஆரம்பித்து உன் தாத்தன் வரைக்கும் போனேன். நீ விசும்பிக்கொண்டே, "ம், இன்னும்" என்றாய். போலீஸ்காரர் வந்தபோது இருவரும் செருப்புக் குவியலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். "எவன்யா அடிச்சது?" என்றார். "நானா வழுக்கி வுயுந்துட்டேன் சார்" என்றாய்.

அதன் பிறகு பீர்க்கன்கரணைக்குப் போனேன். மன்னிப்பும் கேட்கவில்லை, வா என்றும் கூப்பிடவில்லை. "மூக்கு ரொம்ப வலிச்சுதா?" என்றேன். எஸ்தர் என்னை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு பொழுது சாயும்வரை எங்கெங்கே வலித்தது என்று சொன்னாள். அதில் மூக்கு கடைசி. மூன்று மாதம் கழித்துத்தான் வந்தாள். ஆனால் வந்தாள்.

நமக்கும் வெள்ளிக்கிழமை டீக்கடை வழக்கமானது. முதலில் நான் உன்னைத் திட்ட வேண்டும். அப்புறம் நீ, "இந்த வாரம் எங்க வலிச்சுது?" என்று கேட்க வேண்டும். போன மழைக்காலத்தில், குரல் கொடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்த வாரத் திட்டு அதற்குத்தான், ............ பயலே.

எஸ்தரை அடித்த இடத்தைச் சொல்லும்போது மருமகளின் பேனா நின்றுவிட்டது. "அத எழுத வேணாம் மாமா" என்றாள். எழுதும்மா என்றேன். ரவிக்கையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுதினாள். நேற்று அவர்கள் அறையில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. அவன் என் பையன், மச்சான். அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

மடலை இங்கே நிறுத்துகிறேன். இந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.