மீனும் தயிரும்

6-2-83, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எட்டு மணி வரை மலை உச்சி தெரியவில்லை. ஐந்தரைக்கே எழுந்து சாத்தனூர் அணைக்குக் கிளம்பினோம், நானும் இவரும், மொபெட்டில்.

கொண்டு போனவை: அரிசி, புளி, சின்ன வெங்காயம், மிளகாய்த் தூள், தலைவாழை இலை பத்து, மோர்த் தூக்கு (எனக்கு மட்டும்). மறந்தது: தேங்காய். தண்டராம்பட்டில் வாங்கினோம். விலை ஜாஸ்தி.

மெட்ராஸிலிருந்து நாலு பேர். மூன்று ஆண்கள், ஒரு அம்மாள். நாலு தலையிலும் தொப்பி. தூண்டில் போடுவதற்கென்றே காரில் வருகிறவர்கள். இவர் படகை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கடலைப் புண்ணாக்கு உருண்டையை முள்ளில் குத்தி, வெயிலில் காய்ந்துகொண்டு கிடப்பார்கள். மீன் முக்கியமில்லை, மாட்டுவதுதான் முக்கியம். மாட்டியதும் போட்டோ. அப்புறம் கரையில் உட்கார்ந்து நான் வைத்த குழம்பு.

ஊரில் இவரைப் பற்றிக் கேட்டால் ஏழுமலை லட்சாதிபதி, துரைமார் சகவாசம் என்பார்கள். படகு வாடகை துடுப்புப் போடுகிறவர் கூலிக்கும் தார் பூசுவதற்குமே சரி. எங்களுக்கு மிஞ்சுவது அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டுக் காசுதான்.

வேடிக்கை என்னவென்றால் நான் பிறந்தது முட்டை கூட நுழையாத வீடு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், வாசனையை வைத்தே மீன் குழம்பு வைக்கிறேன். உப்புப் பார்ப்பது அம்சா. துடுப்புக்காரர் மனைவி, மீன் கழுவ வருகிறவள்.

இன்று பரிமாறும்போது அந்த அம்மாள் என் வலது கையைப் பார்த்துவிட்டாள். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே அந்த வெள்ளைப் புள்ளி. பொங்கல் சமயம் மிளகு அளவு, இப்போது புளியங்கொட்டை அளவு. தன் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் மெல்ல என்னவோ சொன்னாள். என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷும் நான்தான் எடுக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும். பசியில்லை என்று இலையை மூடினாள். மற்ற மூன்று பேருக்கும் உடனே பசி போய்விட்டது. வாழைப்பழம் சாப்பிட்டுக் கிளம்பினார்கள்.

சட்டி நிறையக் குழம்பு. அம்சா வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

திரும்பும்போது இவர் பேசியது ஒரே வார்த்தை. “வுடு கோதை.”

8-2, செவ்வாய்

கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா. ஒரு படி வேர்க்கடலை, ஒரு மூட்டை புத்திமதி.

கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மீன் பொழங்கற ஊட்ல தயிர் சாப்ட்டா இதாண்டி வரும்.”

“நான் மீனே சாப்பிட்டதில்லையேக்கா.”

“கை படுதுல்ல? அந்தக் கையாலதான தயிர்சோறு பெசையற? ஆவி பட்டாலே போதும். வெண்குஷ்டம்டி இது. அன்னைக்கே சொன்னேன், அந்த மில்லு வேலையே போதும், படகு வேணான்னு.”

இவர் கொல்லை வாசலில் மொபெட் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அறிவியல் டீச்சர். மீனும் தயிரும் சேர்ந்தால் வெள்ளை பூக்கும் என்பது மூட நம்பிக்கை என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லுகிறவள். ராத்திரி ரசத்தோடு எழுந்துவிட்டேன். மோர் ஊற்றிக்கொள்ளவில்லை. யாருக்கும் சொல்லவில்லை, இதில் மட்டும் எழுதுகிறேன்.

10-2, வியாழன்

லீவு போட்டு வேலூர். தோல் டாக்டர். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார், குண்டூசியால் தொட்டார். இரண்டும் தெரிந்தது. குஷ்டம் இல்லை, ஒட்டாது, சாப்பாட்டால் வருகிறதும் இல்லை என்றார். நிற்கலாம், பரவலாம், சொல்ல முடியாது. ஒரு களிம்பு.

“மீனும் தயிரும் சேந்தா?” என்று இவர் கேட்டார். டாக்டர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து இவர் மறுபடியும் அதையே கேட்டார். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

பஸ்ஸில் கண்ணமங்கலம் வரை என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாலு பேர் பார்க்க. அப்புறம் வாயைத் திறந்துகொண்டு தூக்கம்.

13-2, ஞாயிறு. அமாவாசை

அமாவாசையன்று ஊரில் மீன் விற்காது. தூண்டில்காரர்களுக்கு அமாவாசையும் இல்லை கிருத்திகையும் இல்லை.

“நீ வர வேணாம் கோதை. அம்சா சமைக்கட்டும். உனக்கும் ரெஸ்ட்டு.”

ரெஸ்ட்டாம். துணி துவைத்தேன். ஏழாம் வகுப்பு விடைத்தாள் முப்பது திருத்தினேன். களிம்பு போட்டேன்.

சாயங்காலம் வந்தார். அம்சா குழம்பில் புளி தூக்கலாம். வந்தவர்கள் பாதிக்கு மேல் ரொட்டியே சாப்பிட்டார்களாம். சோறு போடட்டுமா என்றேன். “அங்கயே சாப்ட்டேன்” என்றார்.

16-2, புதன்

பள்ளிக்கூடம் விட்டு மார்க்கெட். வாங்க வேண்டியது: கத்தரிக்காய், கொத்தமல்லி, மண்ணெண்ணெய் (இல்லை).

இவர் காலையில் அணையில் பிடித்த கட்லாவை ஓலைக் கூடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரநாளில் தூண்டில்காரர்கள் கிடையாது, இதுதான் பிழைப்பு. செதில் மினுமினுவென்று இருக்கிறது. ஆள் இல்லை.

“அணை மீனா? சேத்து நாத்தம் அடிக்குமே.”

“கடல் மீன்தாம்ப்பா மீனு.”

பக்கத்திலேயே கடலூரிலிருந்து பஸ் மேலே ஐஸ் பெட்டியில் வந்த சங்கரா. முந்தாநாள் மீன், கண் உள்ளே போய்விட்டது. அதற்குக் கூட்டம், அதற்குத்தான் விலையும். நம் ஊர் சீண்டாத கட்லாவை வியாபாரி கம்மி விலைக்கு எடுத்து ஐஸ் போட்டு பெங்களூருக்கு அனுப்புகிறார். அங்கே அடித்துப் பிடித்து வாங்குகிறார்களாம்.

“செத்த அன்னைக்கே வித்தா இந்த ஊருக்குப் புடிக்காது கோதை. ரெண்டு நாளு துக்கம் காக்கணும்” என்றார். சிரித்துவிட்டேன். பத்து நாளில் முதல் சிரிப்பு.

வீட்டில் மறுபடியும் “அங்கயே சாப்ட்டேன்.” இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. கிணற்றடியில் நின்று தன் கை இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

19-2, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இன்று காலை ஜன்னலடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு கழுத்து, காது மடல், முழங்கை எல்லாம் பார்த்தார். நான் காபி கொண்டு போனதும் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டார். ஒட்டாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்.

மெட்ராஸ் அம்மாள் இலையை மூடினாள். அவள் யாரோ. இவர் மூடாமல் மூடுகிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. மத்தியானம் தானிப்பாடியிலிருந்து ஒரு ஆள் வந்தார். படகை விலைக்குக் கேட்டு. “பங்குனி பொறக்கட்டும், சொல்றேன்” என்று வாசலிலேயே பேசி அனுப்பினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மில் வேலையை விட்டு வாங்கின படகு. வாங்கின அன்று என்னை மட்டும் உட்கார வைத்து நடு அணை வரை அவரே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் பயமே இல்லை. அன்றைக்கு மாதிரி சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை.

23-2, புதன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. சாக்பீஸ் பெட்டி காலி. ஹெ.எம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்.

தயிர் நிறுத்திப் பதினைந்து நாள். புள்ளி அதன்பாட்டுக்கு வளர்கிறது. கரும்பலகையில் எழுதலாம்: சோதனை, காண்பது, அறிவது. அறிந்த பிறகும் தயிர் ஊற்றிக்கொள்ளக் கை வரவில்லை.

ராத்திரி கேட்டேவிட்டேன். “என் கைச் சாப்பாடு புடிக்கலையா?”

“வயிறு செரியில்ல கோதை.”

வயிறு சரியில்லாதவர் அணையில் மட்டும் எப்படிச் சாப்பிடுகிறார். கேட்கவில்லை. தலையணையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தேன்.

27-2, ஞாயிறு. பௌர்ணமி

இன்று தூண்டில்காரர்கள் வரவில்லை. இவர் படகுக்குத் தார் பூசப் போய்விட்டார். பதினொரு மணிக்கு அம்சா. கோயிலுக்கு வந்தவள், நெற்றி நிறையத் திருநீறு, ஒரு சொம்பு தயிர். எருமைத் தயிர், கத்தி போட்டு அறுக்கலாம்.

“டீச்சரம்மா, நான் சொன்னேன்னு அண்ணங்கிட்ட சொல்லாதீங்க. நீங்கதான் புத்தி சொல்லணும்.”

“என்ன அம்சா?”

“அமாவாசைலேர்ந்து தெனமும் மீன் கொழம்பு சோத்து மேல தயிர ஊத்திச் சாப்புடறாரு. எங்கூட்டுத் தயிருதான். அவருக்கு அது புடிக்கவும் இல்ல, கண்ண மூடிக்கினு முழுங்கறாரு. வெள்ள பூத்துடும் வேணாம்ணேன்னா கேக்க மாட்டேன்றாரு.”

“எதுக்காம்?”

“டீச்சருக்கு வந்தது எனக்கும் வருதான்னு பாக்கறேன்றாரு.”

அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட்டேனா என்று தெரியவில்லை. போனதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பத்து நாளாக மனசுக்குள் இவரை என்னென்ன சொல்லி வைத்திருக்கிறேன். அத்தனையையும் எங்கே கொண்டு போய்க் கொட்டுவது.

சாயங்காலம் வந்தார். கை கால் கழுவினார்.

“வயிறு எப்படி இருக்குதுங்க?”

“பரவால்ல.”

“தயிர் புளிப்பா இருந்துச்சா?”

துண்டால் முகத்தைத் துடைத்தார், வெகு நேரம். “அம்சா வாய் நிக்காதே.”

“டாக்டர்தான் அவ்வளவு சொன்னாரே.”

“சொன்னாரு. அவரு படிச்சவரு, உனக்கும் படிப்பு இருக்குது, நம்பிட்டீங்க. எனக்கு சாப்ட்டுப் பாத்தாதான் மனசு ஆறும். என் தொழிலால உனக்கு வந்துச்சுன்னு உங்கக்கா சொன்னதுலேர்ந்து தூக்கம் இல்ல கோதை. எனக்கும் வந்துச்சுன்னா உண்மைதான், படக அன்னைக்கே குடுத்துட்டு மில்லுக்குப் போயிடறது. வரலன்னா உங்கக்காகிட்ட என் கையக் காட்டிட்டு வர்றது.”

“வந்துட்டா உங்க கை?”

“வரட்டுமே. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்துட்டுப் போறோம்.”

நீங்கள் என் கைக்குப் பயந்துகொண்டு சாப்பிடவில்லை என்று நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு ஒரே வேளைக்கு ரெண்டு சாப்பாடு சாப்புட முடியுமாடி” என்றார். எட்டித் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, “சோறு போடு” என்றார்.

போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்சா தயிரில் பாதியை நான் ஒருத்தியே காலி செய்தேன்.

1-3, செவ்வாய்

மோதிர விரலில் இன்னொரு புள்ளி. கடுகளவு. காட்டினேன். பார்த்தார், ஊதினார், சின்னப் பிள்ளைக்கு அடிபட்டால் ஊதுவதுபோல.

“எனக்குத்தான் ஒண்ணும் காணோம்” என்றார், லாட்டரி விழாதவர் மாதிரி.

தானிப்பாடி ஆளுக்குப் படகு இல்லை என்று சொல்லி அனுப்பியாயிற்று. அடுத்த ஞாயிறு மெட்ராஸ்காரர்கள் ஐந்து பேர். “நீ வர்றியா?” என்றார். அவர்களும் இலையை மூடினால் அப்புறம் யாரும் வர மாட்டார்கள். மெட்ராஸில் பேச்சு பஸ்ஸை விட வேகமாகப் போகும். இவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

வருகிறேன் என்றேன். பயமாக இருக்கிறது.

6-3, ஞாயிறு

கடும் வெயில். தேங்காய் மறக்கவில்லை. என் தூக்கில் இன்று மோருக்குப் பதில் தயிர்.

ஐந்து பேரும் புதுசு. ஒருவருக்குக் கட்லா மாட்டியது. இருபது நிமிஷம் போராடித் தூக்கினார். குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு போட்டோ. அதையே குழம்பு வைத்தேன். அம்சா உப்புப் பார்த்தாள். “இதான் டீச்சரம்மா கொழம்பு” என்றாள்.

முந்தானையால் கையை மூடவில்லை. பரிமாறினேன். கண்ணாடி போட்ட ஒருவர் என் கையைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். போன மாதம் போலவே ஆகிறது என்று நினைத்தேன்.

வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவதுதான் இவர் வழக்கம். இன்று தானே ஒரு இலையைப் போட்டுக்கொண்டு வரிசைக் கடைசியில் அவர்களோடு உட்கார்ந்தார். மீனும் குழம்புமாக ஒரு கவளம் சாப்பிட்டார்.

“கோதை, அந்தத் தயிர இங்க கொண்டா.”

எல்லாரும் திரும்பினார்கள். “மீனுக்கு மேலயா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஆமாங்க. எங்க ஊட்ல அப்படித்தான்” என்றார் இவர்.

தூக்கைக் கொண்டு போய் வலது கையாலேயே ஊற்றினேன். குழம்பு வெளுத்தது, மீன் துண்டு முழுகியது, தயிர் இலை ஓரத்தைத் தாண்டி மணலுக்கு வந்தது. தூக்கை நிமிர்த்தப் போனேன். என் கைப் புள்ளி மேலேயே தன் இடது கையை வைத்துப் பிடித்தார்.

“போதுமாங்க?”

“நான் போதும்னு சொல்லலையே” என்றார்.