பொடிமெனிக்கேயின் நேர்த்திக்கடன்

கொழிஞ்சாம்பாறை
ஆடி மாதம், 1955

அன்பு மகன் பழனிச்சாமிக்கு உன் ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அய்யனும் மாடு கன்றுகளும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லாமல் என்ன, சிலோனில் உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறதே.

உன் கடுதாசி படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வைகாசியில் உனக்குக் காய்ச்சல் கண்டதாம், நீ குடியிருக்கிற வீட்டுக்காரி பொடிமெனிக்கே, பெயர் வாயில் நுழைகிறதா பார், நீ பிழைத்தால் புத்தர் கோயிலுக்கு நடத்திக் கூட்டி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம், அதைத் தீர்க்க ஆனிப் பௌர்ணமிக்கு அவளோடு போனாயாம். விடியுமுன் எழுந்து வெறுங்காலோடு வரப்பிலும் காட்டுத் தடத்திலும் நடந்தாயாம், பூக்கூடையை நீயே சுமந்தாயாம், வழியில் பந்தல் போட்டுக் கஞ்சி ஊற்றினார்களாம், படுத்த கோலத்துப் புத்தர் நம் ரங்கநாதர் மாதிரியே இருந்தாராம், பிக்கு கையில் வெள்ளை நூல் கட்டினாராம், அரசமரத்துக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாயாம். ஏனப்பா, இங்கே பிள்ளையார் கோயில் அரசமரத்துக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டு வா என்றால் கால் சுடுகிறது என்பாயே, அந்த ஊர் வெயில் சுடாதா? நீ சிறுவனாய் இருக்கும்போது விஷக்காய்ச்சலில் கிடந்தாய், பிள்ளை ஆளானால் ஆத்தாளும் மகனுமாகப் பழனிக்கு நடந்து வருகிறோம் என்று நானும்தான் முருகனுக்கு நேர்ந்தேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கூப்பிட்டேன். பொள்ளாச்சிக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து பழனிக்கும் இருக்கிறது, நடப்பானேன் என்று சொன்னது யார்? நான் மட்டும் போனால் தீராது, இரண்டு பேரும் என்றல்லவா சொல்லிவைத்திருக்கிறேன். என் வேண்டுதல் அப்படியே கிடக்கிறது, நேற்று வந்தவளுடையது தீர்ந்துவிட்டது.

அவள் வெள்ளைச் சேலையும் வெள்ளை ரவிக்கையுமாக நடந்து வந்தாள் என்று நீ எழுதியதைப் படித்தபோதுதான் மனம் கொஞ்சம் இளகியது. ஐயோ பாவம், தாலியறுத்தவள், பிள்ளை குட்டியும் இல்லை போலிருக்கிறது, என் மகனைக் கொஞ்ச நாள் மகனாக வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து அழக்கூட அழுதேன். சந்தையில் கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்று அவளுக்கென்று எடுத்து, கொழும்புக்குப் போகிற நம் ஹக்கீம் ராவுத்தரிடம் கொடுத்தனுப்பக் கொண்டுபோனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு மனுஷன் சிரிக்கிறார். ஏனுங்க அம்மிணி, அங்கெ கோயலுக்குப் போறப்ப அல்லாரும் வெள்ளதானுங்க உடுத்துவாங்க, கட்டுன புருசன் இருக்கறவிய, கொமரிப் புள்ளைக அல்லாருந்தான், அந்தம்மாளுக்கு ஊட்டுக்காரரும் இருக்கறாரு, வாட்டசாட்டமா மூணு பசங்களும் இருக்கறாங்க, போன தடவ உங்க பையனப் பாக்கப் போனப்ப நானே அவிய ஊட்டுல காப்பி குடிச்சேனே என்கிறார்.

மூன்று பிள்ளை! மூன்றைப் பெற்றவளுக்கு என் ஒற்றை மகன் எதற்கு? எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அவளை வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுகிறாயாம், ராவுத்தர் அதையும் சொல்லிவிட்டார். பையனக் காப்பாத்துனவளக் கும்புடறத உட்டுட்டு ஏம் புள்ள இப்படிப் பொருமறே என்று உன் அய்யன் கேட்கிறார், அவருக்கென்ன, கேட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். எடுத்த சேலையைக் கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான், அதனால் அனுப்புகிறேன், பாசத்தில் அனுப்புகிறேன் என்று அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

உன் அக்காள் மயிலாத்தாள் வண்டன்மேட்டில் மாசமாக இருக்கிறாள், ஏலத்தோட்டத்து மழையும் அட்டைக்கடியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பிரசவத்துக்கு இங்கே கூட்டி வரவேண்டும். இங்கே மழை சாரலோடு சரி, காற்றுத்தான் ஆளைத் தள்ளுகிறது. நீ தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தோடு நிற்காதே.

எனக்கு ஆறாதது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு உடம்பு கொதித்த அன்றைக்கு நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சந்தையில் யாரோடாவது கதை பேசிச் சிரித்திருப்பேன். வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பேன். பிள்ளை பிழைக்குமா என்று சாமியோடு மல்லுக்கட்டுவது பெற்றவள் வேலை. நான் பயந்துவிடுவேன் என்றுதான் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். என் பயத்தை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டாயே சாமி.

பழனியாண்டவன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், நீ இருக்கிற வீட்டாரையும் சேர்த்தே வைக்கட்டும். தைப்பூசத்துக்கு முதலாளியிடம் இப்போதே லீவு கேட்டு வை. இன்னொன்று மறந்துவிடாதே. சம்பளம் கூடினால் அவளிடமே முதலில் சொல்லு, முதல் மிட்டாயை அவள் வாயிலேயே போடு, நான் ஏனென்று கேட்கமாட்டேன். உடம்புக்கு வந்தால் மட்டும் எனக்குத் தந்தி அடி.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற ஆத்தா
மருதாத்தாள்