முதல் ஐந்தடி

2002 மார்ச் 12, செவ்வாய்

கனிமம் தேடும் கம்பெனி ஒன்றும் நாங்களும் சேர்ந்து ஆறு மாசமாக உருவாக்கிய துளையிடும் பிட்டை இன்று சமயநல்லூர் தாண்டி ஒரு பொட்டலில் இறக்கிப் பார்த்தோம். வரைபடம் அவர்களுடையது, கடைசல் விளாங்குடியில் இருக்கிற என் லேத் பட்டறையில். கனிமம் தேடுகிறவர்களுக்குக் குழி முக்கியமில்லை. உள்ளிருந்து உருளையாக வருகிற கல்தான் வேண்டும்.

முதல் ஐந்தடியும் நொறுங்கித்தான் வந்தது. கம்பெனி ஜியாலஜிஸ்ட் வசந்தி மேடத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "பிட்டு சரியில்லையோ?" என்றார்.

"கல்லுலயே விரிசல் மேடம்," என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

மெஷினை ஓட்டியவன் என் ஆள் முருகேசன். இருபது வருஷம் தண்ணீருக்கு போர் போட்டவன். ஒரு நாளில் எம்புட்டு அடி இறங்கியது என்பதுதான் அந்தத் தொழிலில் பேச்சு. அழுத்தியே பழகிய கை. ஓரமாகக் கூப்பிட்டு, "மாப்ள, இம்புட்டு அழுத்தாத. பிட்டு தானா இறங்கட்டும்," என்றேன்.

"பொழுது சாஞ்சிருமே அண்ணே."

"சாயட்டும்."

அடுத்த ஐந்தடி கரும்புத் துண்டு மாதிரி முழுசாக வந்தது. மேடம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். இனி எந்தப் பாறையிலும் இந்த பிட்டை இறக்குவேன்.

ஆனால் அந்த நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த குழிக்கு இடம் குறிப்பார்களாம். வண்டியில் வரும்போது முருகேசன் கேட்டான்: "கல்லு மேலயா அண்ணே பழியப் போட்டீக?"

காலையில் முதல் வேலையாகப் போய் அந்த வரியை அடிக்கச் சொல்ல வேண்டும். கல் நல்ல கல். உடைத்தது நாங்கள்.