கோம்பியின் ஸ்டீரிங் இப்போது ஆடுவதில்லை

உலு திராம் ஊரிலேயே மிகச் சத்தமாக ஹார்ன் அடித்த என் அத்தைக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் சுகன்யா அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதைவிட நல்ல செய்தி ஒன்று இருக்கிறது என்றால் அக்கா கோபிப்பாள், நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். உங்கள் கோம்பி வேனின் ஸ்டீரிங் இப்போது ஆடுவதில்லை.

அது எப்படி ஆடும் என்று நினைவிருக்கிறதா? கால் வட்டம் திருப்பிய பிறகுதான் முன்சக்கரங்கள் அசையும். அதனால் வளைவு வருவதற்கு முன்பே திருப்பத் தொடங்குவீர்கள். பள்ளிக்குப் போகும் நாங்கள் எல்லாரும் பின்னால் அந்தப் பக்கமாகச் சாய்வோம். நாங்கள் சாய்ந்ததால்தான் வேன் திரும்பியது என்று வெகுநாள் நம்பினேன்.

உங்கள் தம்பியான என் அப்பாவுக்கு மட்டும் எப்போதாவது சாவி தருவீர்கள். அக்கா கேட்டால், "இது என் கைக்குத்தான் கேக்கும்லா" என்பீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு அக்காவுக்கு ஒரே பிடிவாதம். கல்யாணத்துக்குச் சாஆ ஊர்க் கோயிலுக்குப் போனால் தன் அம்மாவின் வேனில்தான் போவேன் என்றாள்.

"இந்த ஸ்டீரிங்கோட அவ்வளவு தூரம் போனா, கல்யாணப் பொண்ணு செம்பனைக் காட்டுலதான் எறங்கணும்" என்றார் அப்பா. "சரியாச்சுன்னா வேன். இல்லன்னா என் கார்தான்."

சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள் அக்கா. ஸ்டீரிங்கின் தேய்ந்துபோன மூட்டுகளைத் தானே மாற்றுவதாகச் சொல்லிப் புதியவற்றைத் தருவித்தாள். அவை வந்து சேர்ந்ததோ நலங்கு வைத்த மறுநாள் காலையில்.

வேன் நின்ற போர்ச்சுக்குப் போக விடாமல் என் அம்மா வாசலை மறித்து நின்றார். "நலங்கு வெச்ச பொண்ணு வெளிய போகக் கூடாது!"

"வெளிய எங்க மாமி போறேன்? போர்ச்சு நம்ம வீடுதானே? கேட்டைத் தாண்டுனாதான் வெளிய."

அம்மா யோசித்தார். "போர்ச்சு சரி. வண்டிக்கு அடியில?"

"வண்டியே போர்ச்சுலதானே நிக்குது!"

முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினோம். நான் பழுதுபார்க்கும் புத்தகத்தை உரக்கப் படித்தேன். மஞ்சள் பூசிய முகத்தோடு அக்கா அடியில் படுத்திருந்தாள். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பிதான் டை ராட். பழையதன் நீளத்தைப் பூக்கட்டும் நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். புதியதும் அதே நீளத்தில் இருந்தால்தான் சக்கரங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் நேராக நிற்குமாம். இறுகிப்போன மூட்டு சுத்தியலுக்கு அசையவே இல்லை. "படிச்சது போதும்டி, கம்பியைப் பிடி!" என்றாள். ஓங்கி ஒரு அடி. மூட்டும் கழன்றது, வேனின் துருவும் அவள் முகத்தில் கொட்டியது.

எல்லாம் பூட்டி முடித்ததும் ஸ்டீரிங்கை மெல்லத் தொட்டேன். சக்கரம் உடனே திரும்பியது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

ஆனால் ஓட்டிப் பார்க்க அக்கா கேட்டைத் தாண்டக் கூடாதே! அப்பா ஏறினார். நீங்கள் பழக்கிய கை அல்லவா? வளைவுக்கு முன்பே பழைய மாதிரி ஒரு திருப்பு. வேன் சொன்ன பேச்சை அப்படியே கேட்டு, எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவின் வாழைக்குள் போய் நின்றது.

"அலமாக்!" என்று பதறினார் அவர். பிறகு சிரித்துவிட்டு, உடைந்த குலையைக் கல்யாண வீட்டுக்கே கொடுத்துவிட்டார்.

அப்படியே ஊர்ந்து பட்டறைக்குப் போய்ச் சக்கரங்களைச் சரிபார்த்து வந்த அப்பாவின் முகம் வாடியிருந்தது. "வண்டி நல்லாத்தான் இருக்கு. என் கைதான் கேக்க மாட்டேங்குது. கார்லயே போவோம்மா."

அக்கா அவரிடம் கையை நீட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டாள். "நானே ஓட்டுறேன் மாமா. எனக்குத்தான் பழைய பழக்கமே இல்லையே. எங்கம்மா எங்க குடுத்தாங்க?"

"பொண்ணு தானே ஓட்டிட்டுப் போறதா? எங்கயாச்சும் உண்டா?" என்றார் அம்மா.

அக்கா வேனைப் போர்ச்சுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினாள். ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. அம்மா தொட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். நீங்கள் சாவி தராமல் இருந்ததும் நல்லதாகிவிட்டது, பார்த்தீர்களா?

கல்யாணத்தன்று அக்கா கேட்டைத் தாண்டியபோது பட்டுப்புடவையில், உங்கள் இருக்கையில் இருந்தாள். மருதாணி விரல்களின் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவே இல்லை. பக்கத்தில் அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

சாஆவை நெருங்கும்போது செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஒரு பெரிய வளைவு. நாங்கள் எல்லாரும் பழக்கதோஷத்தில் ஒன்றாகச் சாய்ந்தோம். வேனோ அவசரமே இல்லாமல், வளைவு வந்த பிறகு அழகாகத் திரும்பியது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, பூவெல்லாம் நசுங்கி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போது அக்கா நீளமாக ஒரு ஹார்ன் அடித்தாள். முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. யாருக்கு அடித்தாள் அத்தை? உங்களுக்குக் கேட்டதா?

வேன் இப்போது மறுபடியும் எங்கள் போர்ச்சில்தான் நிற்கிறது. மூட்டுகளைத் தேயவிடாமல் கிரீஸ் வைப்பது இனி என் வேலை. நான் உரிமம் எடுத்ததும் இதிலேயே சாஆவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன். அந்த வளைவில் நானும் உங்களுக்கு ஹார்ன் அடிப்பேன். சாயாமல் இருப்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சன்னலோர இருக்கையை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உங்கள் தம்பி மகள்,
யாழினி