பாலில் என்ன கலந்தாய், அக்கா?

என்னைப் பெறாமல் வளர்த்து, ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்ட என் ஆசை அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன இடத்தில் நன்றாகத்தான் இருப்பாய். உன்மேல் எனக்குள்ள கோபம்தான் இன்னும் போகவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் நம் லைனில் இன்றைக்கும் உன்னைத் தங்கம் என்றுதான் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து பல்லைக் கடித்துக்கொள்கிறேன். தங்கமாம், தங்கம்!

நேற்று உன் மகள் உஷா விஷயமாக நம் வீட்டில் ஒன்று நடந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நம் சண்டை.

என் பிள்ளை பிறந்த அன்றே இறந்துபோன பிறகு நான் என்ன ஆனேன் என்பது எனக்குப் பாதிதான் ஞாபகம். தூங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேனாம். புகுந்த வீட்டார் ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னை உன் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். நீயும் அத்தானும்தான் உள்ளே கூப்பிட்டீர்கள். டாக்டரிடம் காட்டினீர்கள். அவர் கொடுத்த மாத்திரையை நான் துப்பினேன். பிள்ளையைக் கொன்றது போதாதென்று எனக்கும் விஷம் வைக்கிறார்கள் என்று கத்தினேன்.

நீ என்ன செய்தாய்? "சரிடி சரோஜா, மாத்திரையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்" என்று என் கண்ணெதிரிலேயே பொட்டலத்தைச் சாக்கடையில் வீசினாய். அப்போது உன்னைக் கட்டிக்கொண்டு எப்படி அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? ஊரே என்னைப் பைத்தியம் என்றபோது என் பேச்சைக் கேட்டவள் நீ ஒருத்திதான் என்று அழுதேன். அந்தப் பொட்டலத்தில் மாத்திரை இருந்ததா அக்கா, இல்லை, அதுவும் வெறும் காகிதம்தானா?

மறுநாளிலிருந்து ஜாதிக்காய்ப் பால் ஆரம்பமானது. உஷாவின் கைக்குழந்தைப் பருவத்தில் வசம்பு உரைத்த அதே உரைகல்லில் ஜாதிக்காயை உரைத்து, வழித்து, சூடான பாலில் கலக்கி, டம்ளரோடு வந்து நிற்பாய். "கசக்குதுக்கா" என்றால், "ஜாதிக்காய்னா கசக்கத்தான் செய்யும். மூச்சப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சிடு" என்பாய். குடித்தேன். தூங்கினேன். சுவர் வெறும் சுவராகிவிட்டது.

நம் லைன் முழுக்க உன் வைத்தியம்தான் பேச்சு. எருமைப்பால் ஊற்றும் கன்னியம்மா ஒருநாள் கேட்டாளே: "யக்கா, நானும் ஜாதிக்கா ஒரைச்சி ஒரைச்சி குடிச்சிகினுதான் கீறேன். எனுக்கு ஒண்ணியும் வேலைக்காவல. உன் தங்கச்சி மட்டும் எப்டிக்கா கட்டையாட்டம் தூங்குது?"

"அது அவ ஒடம்புவாகு, கன்னியம்மா" என்றாய். கண்ணைக்கூட இமைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் பெருமையாகச் சிரித்தேன். என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்குரூ கம்பெனி வேலைக்குப் போனேன். "மருந்து மாத்திரை எதுவும் இல்லாம நானா எழுந்து நின்னவடி" என்று அங்கே எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன். உஷா வயதுக்கு வந்து தண்ணீர் ஊற்றிய அன்றுகூட, வந்தவர்களிடம் உன் எதிரிலேயே சொன்னேன். நீ அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போனாய். கழுத்தில் பொட்டுத் தங்கம் இல்லாத எனக்கு அந்தப் பேச்சு ஒன்றுதான் நகை. அது கில்ட்டு என்று தெரிந்தும் நீ என் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

அப்புறம் நீ குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

நீ போனதும் தூக்கமும் போனது. துக்கம் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதே கல்லில், அதே ஜாதிக்காயை, நீ உரைத்த மாதிரியே உரைத்துக் குடித்தேன். வரவில்லை. கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, பாத்திரம் உருண்டால்கூட நெஞ்சு வெளியே வந்துவிடும் போல அடித்துக்கொண்டது. என் கையில் ராசி இல்லை, எல்லாம் அக்காவின் கைராசி என்று புலம்பிக்கொண்டே இன்னும் நிறைய உரைத்தேன். வாந்திதான் வந்தது. கம்பெனியில் ஸ்குரூ தட்டைக் கீழே போட்டேன். சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

கருமாதிக்கு வந்து தங்கியிருந்த உன் நாத்தனார் அத்தானிடம் சொன்னாள்: "பழையபடி முத்திப்போச்சு தம்பி. வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுடு." அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே அதுதான் தோன்றியது. நானேதான் பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துணியை அடுக்கினேன். உள்ளே போனால் திரும்பி வரமாட்டேன் என்று உன் பழைய புடவை ஒன்றையும் மடித்து வைத்தேன்.

பெட்டியைப் பார்த்ததும் அத்தான் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சரோஜா, அது ஜாதிக்காய் இல்லம்மா" என்றார்.

"எது அத்தான்?"

"ஜாதிக்காயோட மாத்திரையையும் வச்சு உரைச்சா உங்கக்கா. மாசாமாசம் நான்தான் வாங்கிட்டு வருவேன். அவளே போயிட்டா, நீயும் நல்லாத்தான இருக்கே, இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்த உரைகல்லைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. இருந்த நடுக்கத்தில் அதைத் தூக்கக்கூட முடியவில்லை அக்கா.

அத்தானை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அத்தானைப் பிடி பிடி என்று பிடித்தார். "வருஷக்கணக்கா பழகின உடம்பு சார். ஒரே நாள்ல புடுங்கினா ரகளை பண்ணாம என்ன செய்யும்?" என்றார். என் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்கம்மா. இது பழைய நோய் திரும்பினதா எனக்குத் தோணல. மறுபடி ஆரம்பிச்சு, படிப்படியா குறைச்சுப் பார்ப்போம். சில பேருக்குத் தொடர்ந்து தேவைப்படும், உங்களுக்கு எப்படின்னு போகப்போகப் பார்க்கலாம். நீங்களா மட்டும் எதையும் நிறுத்தக் கூடாது" என்றார். இத்தனை வருஷத்தில் என் மருந்தைப் பற்றி என்னிடமே பேசிய முதல் ஆள் அவர்தான்.

மாத்திரையை முழுசாக என் கையால் எடுத்து, என் வாயில் நானே போட்டுக்கொண்டேன். உடம்பு அடங்கிய பிறகு, டாக்டர் சொன்னபோது, பிளேடால் கீறிக் கொஞ்சம் குறைத்தேன். ஒவ்வொரு தடவை குறைத்த பிறகும் வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒருமுறை அவசரப்பட்டு நானாகக் குறைத்தேன். நடுக்கம் திரும்ப வந்தது. டாக்டர் திட்டிவிட்டு, பழைய அளவுக்கே போகச் சொன்னார். மத்தியானத்துக்குமேல் காபி கூடாது, பகலில் படுக்கக் கூடாது, தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து உட்கார வேண்டும், எப்போது தூங்கினாலும் காலையில் அதே நேரத்துக்கு எழ வேண்டும் என்றார். நேரத்துக்கு எழுந்து கன்னியம்மா வீட்டுக்கே நடந்து போய்ப் பால் வாங்கினேன். "இன்னாம்மா, மூஞ்சி தெளிஞ்சிகினு வருது?" என்று அவள் கேட்ட அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. முழுசாக நிறுத்த வருஷத்துக்குமேல் ஆனது. இப்போதும் தூக்கம் முன்னைப் போல் இல்லை. விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஆனால் என் தூக்கம்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். முதல் மாதத்தில் சொல்லியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டிருக்க மாட்டேன். தெளிந்து வேலைக்குப் போன பிறகு சொல்லியிருக்கக் கூடாதா? உஷாவை என்னிடம் விட்டுவிட்டு அத்தானோடு ஊருக்குப் போனாயே, அப்போது சொல்லியிருக்கக் கூடாதா? பெற்ற மகளை நம்பி விட்டவள், ஒரு மாத்திரையை நம்பிக் கொடுக்கவில்லையே அக்கா.

சரி, உஷாவுக்கு வருகிறேன். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை, உன் மூக்கு. ஆனால் உஷா தூங்குவதில்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று ஓயாமல் தொட்டுப் பார்க்கிறாள். நான் அன்று சுவரைப் பார்த்த மாதிரியே வெறித்துப் பார்க்கிறாள். அதே டாக்டர்தான் பார்த்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் என்று தெரிந்துதான் மாத்திரை எழுதினார். இவளும் துப்பினாள்.

நேற்று அத்தான் அந்த உரைகல்லைக் கழுவி என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "நீ குடுத்தா குடிச்சிடுவா சரோஜா" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை கண்ணெதிரே கரைவதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை போகாது? உன்னைப் புரிந்துகொண்டேன். மன்னிக்கவில்லை. இரண்டும் வேறு.

"உங்களுக்குப் புத்தியே வராதா அத்தான்?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இன்னா சித்தி இது?" என்றாள். ஆவடியில் பிறந்தவள், பேச்சு கன்னியம்மா பேச்சுதான்.

"டாக்டர் குடுத்த மாத்திரை. மனசு அடங்கி நீ தூங்கறதுக்கு."

"எனுக்கு வாணாம்."

"சரி. நாளைக்கு மறுபடி வந்து கேட்பேன். ஆனா பால்ல மட்டும் கலக்க மாட்டேன்."

பக்கத்தில் இருந்த பால் டம்ளரைச் சந்தேகமாகப் பார்த்தாள். அதை எடுத்து ஒரு வாய் குடித்துக் காட்டினேன். அப்புறம் நம் கதை முழுவதையும் சொன்னேன், அக்கா. உன் பெண்ணிடம் உன்னைக் காட்டிக்கொடுத்தேன். "எங்கம்மாவா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். கடைசியில், "இத்த எப்போ நிறுத்துவாங்க?" என்றாள்.

"டாக்டர் சொல்றப்போ, கொஞ்சம் கொஞ்சமா. உனக்குத் தெரிஞ்சுதான் நிறுத்துவோம்."

இன்று காலையில் அவளாகவே கையை நீட்டினாள். "குடு சித்தி" என்றாள்.

நாளைக்கு உன் தெவசம். படையலில் உன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் பால் வைப்பேன். பாலும் சர்க்கரையும்தான், வேறொன்றும் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டு உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். இனி இந்த வீட்டில் யாருக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் கொடுப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
என்னவென்று கேட்காமலே குடித்த உன் தங்கை,
சரோஜா