டீசல்காரன் வாங்கிய பெட்ரோல் கார்

பவாங், லா யூனியன்
அக்டோபர் 19

அன்பு மகள் ஜோவிலினுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை ரோடெலும் அந்தக் கால்கரிக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அம்மா வழக்கம்போல் செவ்வாயும் வெள்ளியும் சான் பெர்னாண்டோவுக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறாள், போன மாதத்தைவிட முகம் தெளிவாக இருக்கிறது, நேற்று நான் சமைத்த பினக்பெட் காய்க்கறியில் உப்பே இல்லை என்று தட்டைத் தள்ளிவைத்துச் சண்டை போட்டாள், சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மீதியில் நீ குறுக்கே பேசுகிறாய். இது கொஞ்சம் நீளமான சங்கதி. கார் வாங்கியாகிவிட்டது. நீங்கள் சொன்ன டீசல் இல்லை, பெட்ரோல். கோபப்படாமல் கடைசிவரை படித்துவிட்டு மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

மழைக்காலத்தில் மோட்டார் டிரைசிக்கிளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது பாலத்தருகே தண்ணீரில் வண்டி நின்றுபோய் இருவரும் முழங்கால்வரை நனைந்தோமே, அதைக் கேட்டுத்தானே நீங்கள் கார் வாங்கச் சொன்னீர்கள். டீசல்தான் சிக்கனம் என்று மாப்பிள்ளை இரண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு அனுப்பியபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் நானும் அதே கட்சிதான். முப்பத்தோரு வருஷம் ஆள் ஏற்றும் ஜீப்னி ஓட்டியவன், டீசல் வாசனை என் சட்டையை விட்டுப் போகவே இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அதற்குத் தோதாக உன் டெமெட் மாமா தன் டீசல் வேனை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள் மனோங் என்று அண்ணன் முறை வைத்துச் சாவியைக் கொடுத்தார். வண்டி நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படி உயரம். போகும்போது அம்மா எப்படியோ ஏறிவிடுவாள், டயாலிசிஸ் முடிந்து வரும்போது கால் தரையில் நிற்காது, அப்போது நானும் அங்கிருக்கும் நர்ஸும் சேர்ந்து அவளைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. டயாலிசிஸ் ஊசி குத்திக் கட்டுப் போட்ட இடது கையை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வாள், இடித்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டெமெட்டுக்குப் போன் போட்டேன். இப்போது வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறதாம், எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகுமாம். நாங்கள் ஒரு தடவைக்குப் போவதோ ஒன்பது கிலோமீட்டர், சூடேறுவதற்குள் இடம் வந்துவிடுகிறது, அதனால் அடைத்துக்கொண்டது. ஒண்ணும் பயமில்லை, ஆகூ வரைக்கும் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டுங்கள், விளக்கு தானாக அணைந்துவிடும் என்றார். நானும் வண்டியைப் பற்றித்தான் யோசித்தேனே தவிர வேறு யோசனை வரவில்லை. அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். நம் தெருமுனை வந்தது, நான் திரும்பவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "வீட்டத் தாண்டிப் போறோமே, செல்மோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சத்தமே இல்லாமல் சொன்னாள். விளக்கு எரிகிறது, கொஞ்சம் ஓட்டினால் சரியாகிவிடும் என்று விளக்கினேன். ஆகூ போய்த் திரும்பி வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். விளக்கு அணைந்துவிட்டது. படுக்கையில் அவளைக் கிடத்திவிட்டு வெளியே வந்து வேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு எஞ்சினுடைய கரியை எரிக்க உன் அம்மாவை ஐம்பது கிலோமீட்டர் அலைக்கழித்திருக்கிறேன். மகளே, என் ஆயுளில் என்மேல் எனக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெட்ரோல் சின்ன கார் வாங்கப்போகிறேன் என்றதும் டெமெட் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஆயுசு பூரா டீசல்ல குளிச்ச மனுஷன், இப்ப தையல் மெஷின் வாங்கி ஓட்டப்போறீங்களா மனோங்?" என்றார். சிரிக்கட்டும். நான் அன்றைக்கே உட்கார்ந்து மாப்பிள்ளையின் கணக்கை எடுத்து, அவர் போட்டிருந்த தூரத்தை அடித்துவிட்டு நம் தூரத்தைப் போட்டேன். டயாலிசிஸுக்கு, சந்தைக்கு, கோவிலுக்கு எல்லாம் சேர்த்து மாதம் முந்நூறு கிலோமீட்டர் தேறாது. டீசலால் மாதம் முந்நூறு பெசோ மிச்சமாகும், ஆனால் வண்டி விலையில் இரண்டு லட்சம் கூடுதல். அந்த இரண்டு லட்சத்தை மிச்சம் பிடிக்க ஐம்பத்தைந்து வருஷம் ஆகும், எனக்கு இப்போதே அறுபத்தாறு. மாப்பிள்ளை தினமும் தொண்ணூறு கிலோமீட்டர் போய் வேலை பார்த்துவிட்டு தொண்ணூறு கிலோமீட்டர் திரும்புகிறவர், அவருக்கு டீசல்தான் சரி, அவர் கணக்கில் பிழையே இல்லை, அது அவருடைய சாலைக்குப் போட்ட கணக்கு. என் ஜீப்னிக்கும் அதுதான் சரியாக இருந்தது, விடிந்ததிலிருந்து எஞ்சின் ஆறாமல் ஓடியதே. இதை நீயே பக்குவமாகச் சொல்லு, அவர் முகம் வாடக் கூடாது.

கார் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன கார், கியர் மாற்றும் வேலையில்லாதது. அம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள், யார் கையும் பிடிக்காமல் இறங்கினாள். சரி என்று நான் நினைத்தபோது அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தோரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் காசு வாங்கியவள், ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "உன் கண்ணுல புரை வளருதுன்னு டாக்டர் சொன்னத என்கிட்ட மறைச்சுட்டேன்னு நெனச்சியா? நாளைக்கு நீ ஓட்ட முடியலைன்னா என்னை யாரு கூட்டிட்டுப் போவா? டெமெட் வேன்ல எனக்குக் கால் எட்டாது. இதுல எட்டுது பாரு" என்று பெடலைக் காட்டினாள். எங்களுக்குக் காரைக் காட்டிக்கொண்டிருந்த கடைப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பேரம்கூடப் பேசவில்லை, அந்த வண்டியையே எழுதச் சொல்லிவிட்டேன்.

கண்ணைப் பற்றி நீ கவலைப்படாதே, நவம்பரில் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை, பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அம்மா பழகுநர் உரிமம் எடுத்துவிட்டாள். டாக்டரிடமும் கேட்டோம், டயாலிசிஸுக்கு முன்னால் உடம்பு ஒத்துழைத்தால் ஓட்டலாம், முடிந்து வரும்போது கூடவே கூடாது என்றார். திங்களும் புதனும் பள்ளிக்கூட மைதானத்தில் பழகினாள். நான் சொல்லிக்கொடுத்தால் சத்தம் போடுகிறேனாம், அதனால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவள் சட்டம். போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாக சாலைக்கு எடுத்தாள். ஒன்பது கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம், பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான், அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. டயாலிசிஸ் நிலையத்து வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி, நோயாளி எங்கே என்று பார்த்த புது நர்ஸிடம், "நான்தான்" என்றாள். போகும்போது அவள், வரும்போது நான், அப்படித்தான் இப்போது ஏற்பாடு.

கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், பனியில் நடக்கும்போது அவசரம் வேண்டாம். டிசம்பரில் வரும்போது காரின் இடது கதவில் ஒரு நீளமான சிராய்ப்பு இருக்கும், அது எப்படி வந்தது என்று அம்மாவிடம் கேட்டுவிடாதே.

உன் அப்பா,
அன்செல்மோ